வீட்டுக்குள் வாழும் பூனையின் நீர்க்கடுப்பு



பூனைகளுக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பங்குக்குக் கிருமி காரணமில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட பூனை அடிக்கடி மணல் பெட்டிக்குப் போய் முக்குகிறது. சொட்டுச் சொட்டாக, சில வேளை இரத்தம் கலந்து சிறுநீர் வருகிறது. இந்த அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வரும் பூனைகளைப் பரிசோதித்தால் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கல்லும் இல்லை, கட்டியும் இல்லை, கிருமித் தொற்றும் இல்லை. ஐந்தில் ஒன்று போலக் கற்கள் தென்படும். பாக்டீரியாத் தொற்று இளம் பூனைகளில் மிகச் சொற்பம். மற்றக் காரணங்களையெல்லாம் விலக்கிய பிறகு எஞ்சுவதைக் ‘காரணம் அறியாச் சிறுநீர்ப்பை அழற்சி’ என்று கால்நடை மருத்துவம் குறிக்கிறது. பெயர் அப்படி இருந்தாலும் காரணம் முற்றிலும் தெரியாத நோய் அல்ல இது. பூனையின் நரம்பு மண்டலம், அது வாழும் வீடு, அந்த வீட்டில் அதற்கு ஏற்படும் மன உளைச்சல் ஆகியவை இதில் பின்னிக் கிடக்கின்றன என்பது முப்பது ஆண்டு ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது.

பழி முதலில் தீவனத்தின் மேல்தான் விழுந்தது. உலர் உணவில் உள்ள சாம்பல் சத்துதான் காரணம் என்றார்கள்; பிறகு மக்னீசியம் என்றார்கள். மக்னீசியத்தைக் குறைத்துச் சிறுநீரை அமிலத்தன்மைக்குத் திருப்பும் உணவுகள் 1980களில் பரவின. அதனால் ஸ்ட்ரூவைட் என்னும் ஒரு வகைக் கல் குறைந்தது, ஆனால் கல்லே இல்லாத பூனைகள் முக்குவது நிற்கவில்லை. 1990களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் அவரோடு பணியாற்றியவர்களும் வேறு வழியில் பார்த்தார்கள். பெண்களுக்கு வரும், கிருமி இல்லாத, வலி மிகுந்த ஒரு சிறுநீர்ப்பை நோய்க்கும் இதற்கும் நெருங்கிய ஒற்றுமை இருப்பதைக் கண்டு, சிறுநீர்ப்பையோடு நில்லாமல் மூளையையும் அட்ரினல் சுரப்பியையும் ஆராயத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்டது இது. சிறுநீர்ப்பையின் உட்சுவர் மேல் சளி போன்ற மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டு. நோயுற்ற பூனைகளில் அது நலிந்திருக்கிறது. செறிந்த சிறுநீரில் உள்ள உப்புகள் சுவருக்குள் கசிந்து அங்குள்ள வலி நரம்புகளைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட நரம்புகள் தம் முனைகளில் சில வேதிப்பொருள்களை வெளியிட, இரத்தக் குழாய்கள் கசிகின்றன, சுவர் வீங்குகிறது, படலம் மேலும் நலிகிறது. இது கீழிருந்து மேலே போகும் பாதை. மேலிருந்து கீழே வருவது இதைவிட முக்கியமானது. இந்தப் பூனைகளின் மூளைத் தண்டில் அபாய உணர்வைக் கிளப்பும் பகுதி மிகைத் துடிப்போடு இருக்கிறது. இரத்தத்தில் நாரட்ரினலின் அதிகம். அந்தக் கிளர்ச்சியைத் தணிக்க வேண்டிய கார்ட்டிசால், அட்ரினலிலிருந்து போதுமான அளவு வருவதில்லை. நோயுற்ற பூனைகள் சிலவற்றின் அட்ரினல் சுரப்பி சிறுத்திருந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆக, மிரட்சி ஏறும்போது தடுக்க ஆளில்லை. அது சிறுநீர்ப்பைச் சுவரில் போய் இறங்குகிறது.

இந்தப் பூனைகளில் பலவற்றுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, ரோமம் கொட்டும் அளவுக்கு உடலை நக்குதல் போன்ற வேறு தொல்லைகளும் சேர்ந்திருப்பதைக் கவனித்த பஃபிங்டன், 2011இல் முழுத் தொகுதிக்கும் ‘பண்டோரா நோய்க்குறி’ என்ற பெயரை முன்வைத்தார். அதே ஆண்டு வெளியான அவர் குழுவின் இன்னோர் ஆய்வு பூனை வளர்ப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. ஆரோக்கியமான 12 பூனைகளும் நோயுள்ள 20 பூனைகளும் 77 வாரங்கள் கவனிக்கப்பட்டன. உணவு நேரம் மாறுவது, பராமரிப்பவர் மாறுவது, வழக்கமான கொஞ்சல் தவறுவது போன்ற வாரங்களில் வாந்தி, சாப்பிட மறுப்பது, பெட்டிக்கு வெளியே கழிப்பது ஆகியவை கூடின. நோயுள்ளவற்றில் மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனைகளிலும் கூடின. பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிப்பதை ‘பழிவாங்கல்’ என்றும் ‘கொழுப்பு’ என்றும் கருதும் வழக்கத்துக்கு இதற்கு மேல் மறுப்பு தேவையில்லை.

இரண்டு வயது முதல் ஏழு வயதுக்குள்தான் நோய் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுகிறது. உடல் பருத்த பூனை, வெளியே போகாத பூனை, உலர் உணவு மட்டுமே தின்னும் பூனை, ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டுப் பூனை ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். அறிகுறிகள்: ஒரு மணி நேரத்தில் பல முறை பெட்டிக்குப் போவது, முக்குவது, கத்துவது, சிறுநீரில் இரத்தம், குளியலறைத் தரையிலோ கழுவுதொட்டியிலோ படுக்கையிலோ கழிப்பது, அடிவயிற்றையும் குறியையும் ஓயாமல் நக்குவது.

சிறுநீர் அடைப்பு ஏற்படாத தாக்குதல் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் தானாகவே தணிந்துவிடும். இந்த ஒரு செய்தி தெரியாததால்தான் எத்தனையோ மருந்துகளுக்கு வீண் பெயர் கிடைத்திருக்கிறது. ஐந்து நாள் கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தவர் அதனால் குணமானது என்கிறார்; பார்லித் தண்ணீர் ஊட்டியவர் பார்லி என்கிறார்; சூடு தணிய இளநீர் புகட்டியவர் இளநீர் என்கிறார். எதுவும் கொடுக்காதவரின் பூனையும் அதே ஐந்தாம் நாள் சரியாகியிருக்கும். சில மாதம் கழித்து நோய் திரும்பும்போது, முன்பு ‘கேட்ட’ மருந்தையே தேடுகிறார்கள். வீட்டில் அந்த வாரம் என்ன மாறியது என்று யாரும் தேடுவதில்லை.

தானாகத் தணியும் நோய் என்று காத்திருக்க முடியாத நிலை ஒன்று உண்டு. கடுவன் பூனையின் சிறுநீர்த்தாரை நீண்டது, நுனியில் மிகக் குறுகியது. அழற்சியால் உதிரும் சளியும் செல்களும் உப்புப் படிகங்களும் திரண்டு அதை அடைத்துவிடலாம். வீக்கமும் தசை இறுக்கமும் மட்டுமே கூட அடைக்கப் போதும். அடைத்த பூனை முக்கும், ஒரு சொட்டும் வராது. பிறகு சாப்பிடாது, வாந்தி எடுக்கும், மூலையில் சுருண்டு படுக்கும். தொட்டால் அடிவயிறு எலுமிச்சம்பழம் போல இறுகியிருக்கும். வெளியேறாத கழிவு இரத்தத்தில் ஏறுகிறது. அதிலும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைத் தளர்த்தி நிறுத்துகிறது. இரண்டு மூன்று நாளுக்குள் பூனை இறந்துவிடும். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. அந்த ஒரு நாள்தான் பூனைக்கு இருந்த நாள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் அடைப்புள்ள பூனைக்கு அது மருந்தின் எதிர்ப்பக்கம். நெருஞ்சில் கஷாயம் போல நீரைப் பெருக்கும் எதுவும், மூடிய பைக்குள் மேலும் நீரை நிரப்பும். வயிற்றை அமுக்கிப் பிதுக்க முயன்றால் பை கிழியலாம். கடுவன் பூனை சில மணி நேரமாகச் சிறுநீரே கழிக்காமல் முக்கினால் இரவானாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இரவில் திறந்திருக்கும் இடம் எது என்பதை நோய் வருவதற்கு முன்பே அறிந்து வைத்திருப்பது நல்லது.

அங்கே முதலில் இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட்டும், சிரை வழி நீரும் ஏறும். மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பு நீக்கப்படும். குழாய் ஓரிரு நாள் உள்ளேயே இருக்கலாம். அடைப்பு திரும்பத் திரும்ப வரும் பூனைக்கு, குறுகிய நுனிப்பகுதியை அகற்றி அகன்ற வாயை அமைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அது அடைப்பைத்தான் தடுக்கும், அழற்சியைத் தடுக்காது. அறுவைக்குப் பிறகும் அதே வீடு, அதே உளைச்சல் என்றால் இரத்தச் சிறுநீர் திரும்பும். அடைப்பிலேயே உளைச்சலுக்குப் பங்கு உண்டு என்பதற்கு 2010இல் வெளியான ஓர் ஆய்வு துணை நிற்கிறது. குழாய் செலுத்தும் செலவைத் தாங்க முடியாதவர்களின் 15 கடுவன் பூனைகளுக்கு வலிநிவாரணியும் தளர்வு மருந்துகளும் கொடுத்து, பையிலிருந்து ஊசி வழியாகச் சிறுநீரை இறக்கி, இருட்டான அமைதியான அறையில் வைத்தார்கள். 11 பூனைகள் தாமாகவே சிறுநீர் கழித்தன. வீட்டில் செய்து பார்க்கும் முறை அல்ல இது. கண்காணிப்போடு மருத்துவமனைக்குள் நடந்தது.

நோயை உறுதி செய்யத் தனிப் பரிசோதனை கிடையாது. சிறுநீர்ப் பரிசோதனை, கல் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் நேரடியாக எடுத்த சிறுநீரில் கிருமி வளர்ப்புச் சோதனை. சிறுநீரில் படிகம் தெரிந்ததாலேயே கல் நோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஆரோக்கியமான பூனையிடமும் படிகம் இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த மாதிரியில் புதிதாகவும் உருவாகும்.

தாக்குதல் நாள்களில் முதல் சிகிச்சை வலிநிவாரணம். வலியே உளைச்சல், உளைச்சல் மறுபடி அழற்சி. பியூப்ரனார்ஃபின், காபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் எடைக்கேற்பத் தருவார். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைத் துண்டு போட்டுக் கொடுப்பது கொலைக்குச் சமம். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லாததால் இரத்தச் சிவப்பணுக்கள் அழிகின்றன. கிருமி நிரூபணமாகாத வரை கிருமிக்கொல்லிக்கு வேலை இல்லை. ஸ்டீராய்டைச் சோதித்த ஆய்வில் பயன் தெரியவில்லை. காப்புப் படலத்தைச் சீராக்கும் என்று விற்கப்படும் குளுக்கோசமீனை 40 பூனைகளிடம் சோதித்தபோது, வெறும் மாவு மாத்திரை தின்ற பூனைகளும் அதே அளவு தேறியிருந்தன.

நோயைத் தள்ளி வைக்க நீண்ட நாள் பயன் தருவது வீட்டை மாற்றுவதுதான். ஒஹையோ குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் நோயுள்ள 46 வீட்டுப் பூனைகளின் உரிமையாளர்களுக்கு ஒவ்வொரு வீட்டையும் பார்த்துத் தனித்தனி யோசனைகள் சொல்லப்பட்டன. பத்து மாதம் தொடர்ந்து கவனித்ததில் சிறுநீர்த் தொல்லைகளோடு பயமும் பதற்றமும் சேர்ந்து குறைந்திருந்தன. ஒப்பிடுவதற்கு மாற்றம் செய்யாத ஒரு குழு அதில் இல்லை என்ற குறை உண்டு. ஆனாலும் இந்த நோயில் வேறெந்த மருந்துக்கும் இவ்வளவு ஆதாரம் சேரவில்லை.

மாற்றம் மணல் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருப்பது வழக்கமான அளவுகோல். மூன்று பெட்டிகளைப் பால்கனியில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே இடம்தான். வாசலை மறித்துப் படுத்திருக்கும் இன்னொரு பூனை மூன்றையும் ஒரே நேரத்தில் பூட்டிவிடும். வெவ்வேறு அறைகளில், துவைக்கும் இயந்திரத்தின் அதிர்வும் ஆள் நடமாட்டமும் இல்லாத மூலைகளில் வைக்க வேண்டும். பெட்டியின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். கடையில் பூனைக்கென்று விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் சிறியவை. துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டினால் வேலை முடிந்தது. மணல் மென்மையானதாக, மணம் ஊட்டப்படாததாக, ஈரம் பட்டால் கட்டியாவதாக இருக்கட்டும். தினமும் கட்டிகளை அள்ளும்போது எண்ணிக்கையும் அளவும் கண்ணில் படும்: கட்டிகள் சிறுத்துப் பெருகினால் தாக்குதல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெட்டிக்கு வெளியே கழித்த இடத்தை ஃபினாயில் ஊற்றித் துடைப்பது நம் ஊர் வழக்கம். பூனைக்கு அதன் வாடை பெரும் தொந்தரவு; அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போனால் நஞ்சு. அம்மோனியா வாடையுள்ள திரவம் சிறுநீரையே நினைவூட்டி மறுபடி அங்கே வரவழைக்கும். புரதத்தை உடைக்கும் என்சைம் திரவம் கிடைத்தால் அது. இல்லாவிட்டால் மணமற்ற சோப்பும் நிறையத் தண்ணீரும் போதும். அடிப்பது, மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, கத்துவது எல்லாம் நோயின் மூலப்பொருளான அச்சத்தையே அள்ளிக் கொடுப்பது.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டில் சண்டை என்பது உறுமலும் நகக்கீறலுமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று முறைத்துப் பார்க்கிறது, மற்றது எழுந்து போய்விடுகிறது. ஒன்று நடைவழியில் படுத்திருக்கிறது, மற்றது பெட்டிக்குப் போவதை ஒத்திப்போடுகிறது. உரிமையாளர் கண்ணுக்கு இது ஒற்றுமை. உணவு, தண்ணீர், படுக்கை, பெட்டி ஆகியவை ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில் பிரிந்து இருந்தால் யாரும் யாரையும் காவல் காக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே வந்து அமரும் தெருக் கடுவனும் இதே வேலையைச் செய்யும். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தால் போதும்.

பூனைக்கு உயரம் வேண்டும். பரண், பீரோவின் மேற்பரப்பு, சுவரில் அடித்த பலகை என ஏதோ ஓரிடத்தில் ஏறி அமர்ந்து வீட்டை மேற்பார்வை செய்ய முடிகிற பூனைக்கு விருந்தாளி வந்தாலும் பதற்றம் குறைவு. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டியும் வேண்டும். ஒளிந்திருக்கும்போது இழுத்து வெளியே எடுப்பதில்லை என்ற உறுதி குழந்தைகளுக்கும் சொல்லப்பட வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம் கயிற்றில் கட்டிய இறகை இரையைப் போல ஓடவிட்டு, கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே உணவு கொடுத்தால் வேட்டை, பிடி, தின்னல் என்ற அதன் இயல்பான வரிசை நிறைவேறும். கொஞ்சலைத் தொடங்கவும் முடிக்கவும் பூனைக்கு உரிமை இருக்க வேண்டும். பூனை மருத்துவத்துக்கான இரண்டு பன்னாட்டு அமைப்புகள் 2013இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இவற்றைத்தான் ஐந்து தூண்களாக வகுக்கிறது: பாதுகாப்பான இடம், பிரித்து வைத்த தேவைகள், வேட்டை விளையாட்டு, கணிக்கத்தக்க மனித உறவு, பூனையின் மோப்ப உலகுக்கு மதிப்பு. கடைசித் தூணை நினைவில் வைத்தால், மூடிய அறையில் சாம்பிராணிப் புகையும் ஊதுபத்தியும் வாசனைத் தெளிப்பானும் எங்கே நிற்க வேண்டும் என்பது புரியும்.

அடுத்தது தண்ணீர். வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்தில் இரையின் ஈரத்தைக் கொண்டே வாழ்ந்த காட்டுப் பூனைகள். தாகம் அதற்கு மந்தம். சிறுநீர் மிகச் செறிந்தது. உலர் உணவில் ஈரம் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்கு மேல் இருப்பதில்லை. பொட்டல ஈர உணவில் எழுபத்தைந்துக்கு மேல். 1999இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது உலர் உணவு தின்றவற்றில் 39 சதவீதத்துக்கும், ஈர உணவு தின்றவற்றில் 11 சதவீதத்துக்கும். பொட்டல உணவின் விலை கட்டுப்படியாகாதவர்கள் உலர் உணவில் வெந்நீர் ஊற்றி ஊறவைக்கலாம். மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் சேர்க்கலாம். அதில் உப்பு, வெங்காயம், பூண்டு சேரக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். பால் தண்ணீருக்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும். உணவை ஒரே நாளில் மாற்றுவதும் உளைச்சல்தான். ஏழு முதல் பத்து நாள்களில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து. ‘பசித்தால் தின்னும்’ என்ற பிடிவாதம் இங்கே செல்லாது.

இத்தனைக்குப் பிறகும் நோய் அடிக்கடி திரும்பும் பூனைகளுக்கு மட்டுமே மனநிலை மருந்துகள். அமிட்ரிப்டிலின் நீண்ட காலம் கொடுத்து 15 கடும் நோயாளிப் பூனைகளைக் கவனித்ததில் 9 பூனைகள் தேறின. தாக்குதல் நேரத்தில் ஒரு வாரம் மட்டும் கொடுத்த ஆய்வில் பயன் இல்லை. தூக்கம், எடை கூடுதல், சிறுநீர் தேங்குதல் ஆகியவை பக்கவிளைவுகள். தொடங்குவதும் நிறுத்துவதும் படிப்படியாக, மருத்துவர் சொல்லியே நடக்க வேண்டும். மின்செருகியில் பொருத்தும் ஃபெரோமோன் (பூனைகளின் மணச் சமிக்ஞை) கருவிக்கு ஆதாரம் மெலிது, தீங்கு இல்லை.

வரப்போகும் உளைச்சல்களில் பல முன்கூட்டியே தெரிந்தவை. தீபாவளி வெடி, பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பு, வீடு மாறுதல், பிரசவம், உரிமையாளரின் வெளியூர்ப் பயணம். அவற்றுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு உள்ளறையைத் தேர்ந்து, அங்கே பெட்டி, தண்ணீர், பழைய போர்வை, ஒளிவிடம் எல்லாம் வைத்து அந்த அறைக்குப் பூனையைப் பழக்கிவிட வேண்டும். வெடி வெடிக்கும் இரவில் புதிதாக அடைக்கப்படும் அறை அதற்குச் சிறை. பழகிய அறையாக இருந்தால் புகலிடம். பயணம் போகும்போது பூனையை விடுதியில் விடுவதைவிட, தெரிந்தவர் வீட்டுக்கே வந்து அதே நேரத்தில் அதே உணவை வைப்பது மேல். ஒரு குறிப்பேட்டில் மணல் கட்டிகளின் எண்ணிக்கை, வாந்தி, வீட்டில் நடந்த மாற்றம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வந்தால், எந்த நிகழ்வு அந்தப் பூனையை உலுக்குகிறது என்பது சில மாதத்தில் தெரிந்துவிடும். மருத்துவருக்கும் அந்தக் குறிப்பேடு பயன்படும்.

ஒரு முறை நோய் வந்த பூனைகளில் ஏறக்குறைய பாதிக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் திரும்ப வருகிறது. வயது ஏற ஏறத் தாக்குதல்கள் பொதுவாகக் குறைகின்றன. பத்து வயதைக் கடந்த பூனைக்கு இதே அறிகுறிகள் முதன்முறையாக வந்தால் மன உளைச்சலில் தொடங்கக் கூடாது. அந்த வயதில் கிருமித் தொற்று சாதாரணம். சிறுநீரகம் தளர்வது, நீரிழிவு, அரிதாகக் கட்டி ஆகியவையும் சேர்ந்திருக்கலாம். அத்தகைய பூனைக்குக் கிருமி வளர்ப்புச் சோதனையும் இரத்தப் பரிசோதனையும் முதல் நாளே செய்ய வேண்டியவை.